லண்டன் பிள்ளைகளின் காயம்: திரையில் அன்றும் இன்றும்

லண்டனில் வளரும் ஒரு பிள்ளையின் மனக்காயத்தைச் சொன்ன படங்களில் இரண்டை அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்லிப் பலரிடம் கேட்டிருக்கிறேன். ஒன்று, ஹொரேஸ் ஓவே இயக்கிய 'ப்ரெஷர்' (1976). மற்றது, சாரா காவ்ரன் இயக்கி 2020 செப்டம்பரில் பிரிட்டிஷ் திரையரங்குகளுக்கு வந்த 'ராக்ஸ்'.

'ப்ரெஷர்' பிரிட்டனில் கறுப்பின இயக்குநர் ஒருவர் எடுத்த முதல் முழுநீளக் கதைப்படம். ஓவேயுடன் சேர்ந்து திரைக்கதை எழுதிய சாமுவேல் செல்வன், சென்னை மாகாணத்திலிருந்து டிரினிடாடுக்குப் போன குடும்பத்தின் வழியில் வந்த நாவலாசிரியர். தமிழ் வாசகர்கள் அவரை இன்னும் நெருக்கமாக அறிந்திருக்க வேண்டும்.

கதைநாயகன் டோனியின் பெற்றோர் டிரினிடாடிலிருந்து மேற்கு லண்டனுக்குக் குடிவந்தவர்கள். அவன் இங்கிலாந்தில் பிறந்தவன், நன்றாகப் படித்துப் பள்ளியை முடித்தவன். கூடப் படித்த வெள்ளைக்காரப் பையன்களுக்கு வேலை கிடைத்துவிடுகிறது, இவனுக்குக் கிடைக்கவில்லை. கறுப்பின உரிமை இயக்கத்தில் இருக்கும் அண்ணனைப் பின்தொடர்ந்து ஒரு கூட்டத்துக்குப் போகிறான். போலீஸ் உள்ளே புகுந்து அடிக்கிறது, வீட்டையும் புரட்டிப் போடுகிறது. பயந்த பெற்றோருக்கும் கொதிக்கும் அண்ணனுக்கும் நடுவில் அந்தப் பையன் வாயடைத்து நிற்கிறான்.

அன்றைய லண்டனில் இது கற்பனை அல்ல. 1824-ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டத்தில் இருந்த ஒரு பிரிவைக் கொண்டு, சந்தேகப்பட்ட மாத்திரத்திலேயே தெருவில் போகும் இளைஞனைப் பிடித்துப்போக முடிந்தது. 'சஸ்' என்று மக்கள் அழைத்த அந்தப் பிரிவு 1981-இல்தான் நீக்கப்பட்டது. பிரிட்டிஷ் திரைப்படக் கழகமே பணம் கொடுத்து எடுத்த 'ப்ரெஷர்' வெளியாவதும் தாமதமானது. போலீஸ் வன்முறையைக் காட்டியதுதான் காரணம் என்று பரவலாகச் சொல்லப்பட்டது.

டோனிக்கு நேர்வதை நம்பாதவர்கள் அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஓவேக்குத் தெரியும். அதனால் படம் சாட்சி சொல்கிறது, கூட்டம் போடுகிறது, ஊர்வலம் போகிறது. பையனின் உள்மனத்துக்குள் நாம் போவது ஒரு கனவுக் காட்சியில்தான். மற்ற நேரமெல்லாம் அவன் ஒரு சமூகத்தின் வழக்கைச் சுமந்து நடக்கிறான். அது அந்தக் காலத்தின் தேவை. ஆனால் பதினாறு, பதினேழு வயதுத் தோளுக்கு அது பெரிய சுமை.

'ராக்ஸ்' கிழக்கு லண்டனின் ஹாக்னியில் நடக்கிறது. ராக்ஸ் என்று தோழிகள் அழைக்கும் ஷோலா, நைஜீரியக் குடும்பத்துப் பிள்ளை. ஒருநாள் பள்ளிவிட்டு வந்தால் அம்மா இல்லை. கொஞ்சம் பணமும் ஒரு கடிதமும் மட்டும் இருக்கின்றன. தம்பி இமானுவேலைக் கூட்டிக்கொண்டு தோழி வீடு, மலிவான விடுதி அறை என்று ஓடுகிறாள். சமூகநலத் துறைக்காரர்கள் தெரிந்துகொண்டால் தம்பியைப் பிரித்துவிடுவார்கள் என்பதே அவள் பயம். அம்மா ஏன் போனாள் என்பதைப் படம் நீட்டி முழக்குவதில்லை. தம்பிக்குச் சோறு, தம்பிக்குப் பள்ளி, யாரிடமும் வாய் திறக்காமல் இருத்தல்: அவள் தாங்கும் விதம் இதுதான். தோழிகளோடு இருக்கும்போது மட்டும் அவள் மறுபடி சிறுபிள்ளையாகிறாள். சமையல் வகுப்பில் மாவை வீசி அடித்துக்கொள்ளும் காட்சியில் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, அதற்குள் இருக்கும் துக்கத்தை நினைத்து எனக்கு நெஞ்சு அடைத்தது.

சமூகத்தின் வழக்கைச் சொல்வதிலிருந்து பிள்ளையின் உள்மனத்துக்குள் போகும் இந்த மாற்றம், படம் எடுத்த முறையிலிருந்து வந்தது. ஹாக்னியிலேயே வளர்ந்த தெரேசா இகோகோ, கிளேர் வில்சனோடு சேர்ந்து எழுதினார். நடிகர் தேர்வாளர் லூசி பார்டீயின் குழு பள்ளிகளுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் போய், முன்பு நடித்தே இராத சிறுமிகளைத் தேடியது. தேர்ந்தெடுத்த பிள்ளைகளோடு மாதக்கணக்கில் பயிலரங்குகள் நடத்தி, அவர்கள் பேச்சையும் நட்பையும் வைத்துக் கதையை வளர்த்தார்கள். பிள்ளைகள் கைபேசியில் எடுத்த காட்சிகளும் படத்தில் இருக்கின்றன. ராக்ஸாக நடித்த புக்கி பக்ரே 2021-இல் தம் 19-ஆம் வயதில் பாஃப்டாவின் வளரும் நட்சத்திர விருதைப் பெற்றார். நடிகர் தேர்வுக்கான பாஃப்டாவும் இந்தப் படத்துக்கே கிடைத்தது. சொந்த அனுபவத்தைக் கதையாக்கும் வேலையில் பிள்ளைகளையே பங்காளிகளாக ஆக்கியது பெரிய காரியம்.

திரை மாறிய அளவுக்குத் தெரு மாறவில்லை. 'ராக்ஸ்' வெளிவந்து மூன்று மாதங்களில், 2020 டிசம்பரில், அதே ஹாக்னியின் ஒரு பள்ளியில் 15 வயதுக் கறுப்பினச் சிறுமியிடம் கஞ்சா இருப்பதாகச் சந்தேகப்பட்டு, போலீஸ் அவளை ஆடை களைந்து சோதித்தது. மாதவிடாய் நாளில் இருந்தாள். வீட்டுக்குச் சொல்லவில்லை, துணைக்குப் பெரியவர் யாரும் இல்லை, எதுவும் கிடைக்கவும் இல்லை. இனப்பாகுபாடு இதில் பங்கு வகித்திருக்கக்கூடும் என்று 2022 மார்ச்சில் வெளிவந்த ஆய்வறிக்கை சொன்னது. டோனியின் வீட்டைப் புரட்டிய கைகளிலிருந்து இது எவ்வளவு தூரம்?

ராக்ஸின் பயம் நம் வீடுகளுக்கும் அந்நியமானதல்ல. சோஷல் சேர்விஸ்காரர் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற அச்சம் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் உண்டு. இலங்கையில் போரைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் அதைப் பேசாமல் விழுங்கிக்கொள்ள இந்த அச்சமும் ஒரு காரணம். அதை வெளியே சொன்னவரும் உண்டு. ஈழத் தமிழர்களின் ஈரோஸ் இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான அருளரின் மகள் மாதங்கி, 1986-இல் தாயோடு அகதியாக வந்து, தென் லண்டன் மிச்சமில் மாநகராட்சிக் குடியிருப்பில் வளர்ந்தவர். எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த பாடகி. அவர் தாமே பல ஆண்டுகள் எடுத்து வைத்திருந்த ஒளிநாடாக்களைக் கொண்டு, கல்லூரித் தோழர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் உருவாக்கிய ஆவணப்படம் 2018-இல் சண்டான்ஸ் விழாவில் சிறப்பு நடுவர் விருது பெற்றது.

அது ஆவணப்படம், அதுவும் புகழ்பெற்ற ஒருவருடையது. மிச்சமிலோ ஈஸ்ட் ஹாமிலோ பெயர் தெரியாமல் வளர்ந்த ஒரு தமிழ்ச் சிறுமிக்கு, 'ராக்ஸ்' போல அவளோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து, அவள் பேச்சிலேயே எழுதிய கதைப்படம் ஒன்று வேண்டும். இகோகோ தம் ஹாக்னியை எழுதியதைப் போல, அந்தத் தெருக்களில் வளர்ந்து இன்று முப்பது, நாற்பது வயதாகிவிட்ட தமிழ்ப் பெண்களால் அதை எழுத முடியும்.