பார்வை இழந்த செல்லப் பிராணிகள்

நீரிழிவு நோய் கண்ட நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்புரையும் வந்துவிடுகிறது. "இனி இது எப்படி வாழும்?" என்று எம்மிடம் கலங்கிக் கேட்போர் பலர். நமக்குக் கண் முதன்மை; நாய்க்கோ மூக்கும் செவியும். மணத்தாலும் ஒலியாலும் பாதத்தின் தொடுவுணர்வாலும் சில வாரங்களில் அது வீட்டைத் தன் மனத்தில் பதித்துக்கொள்ளும். பூனைக்கு மீசைமயிரும் துணை நிற்கும்.

ஆகவே தண்ணீர்க் கிண்ணத்தையும் படுக்கையையும் இடம் மாற்றாதீர்கள். மாடிப்படி தொடங்குமிடத்தில் மிதியடி ஒன்றை விரித்து வைத்தால், பாதம் அதை உணர்ந்து நிற்கப் பழகும். தொடுமுன் பெயர் சொல்லி அழையுங்கள். திடுக்கிட்டால் சாதுவான நாயும் கடிக்கக்கூடும். எங்கும் தூக்கிச் சுமப்பது அன்பினால்தான் என்றாலும், இறக்கிவிட்ட இடம் எதுவென்று அறியாமல் அது குழம்பும்.

ஒன்றில் காலந்தாழ்த்தலாகாது. கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோயில் பார்வையிழப்போடு கடும் வலியும் உண்டு. நாய் அதை முனகிக் காட்டாமல் உறங்கியே கழிக்கக்கூடும். முதிய பூனைக்குத் திடீரெனப் பார்வை போனால் உயர் இரத்த அழுத்தம் காரணமாக இருக்கலாம். அன்றே அழைத்து வந்தால் சிலவற்றுக்குப் பார்வை மீள்வதுண்டு.