மழை மாத்தளையில், வெள்ளம் எலுவன்குளத்தில்

"இஞ்ச ஒரு துளி மழ இல்லயே காக்கா, தண்ணி எங்கால வருது?"

கலா ஓயா பெருகும் நாட்களில் எலுவன்குளம், வனாத்தவில்லுப் பக்கம் காதில் விழும் கேள்வி இது. புத்தளக் கரை வரண்ட பூமி. உப்பு விளைவதே வெயிலும் காற்றும் இங்கு தாராளமாகக் கிடைப்பதால்தான். ஆகவே, நம் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்தே வெள்ளத்தைக் கணிக்கப் பழகிவிட்டோம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

இம்மாவட்டத்தில் கடலில் விழும் பெரிய ஆறுகள் பெரும்பாலும் இந்த மண்ணில் பிறந்தவை அல்ல. கலா ஓயாவும் சிலாபத்தில் கடல் சேரும் தெதுறு ஓயாவும் மாத்தளை மலைப் பக்கத்திலிருந்து 140 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வருகின்றன. மீ ஓயா குருநாகல் மாவட்டத்தைக் கடந்து புத்தளம் களப்பில் விழுகிறது. அங்கே கொட்டுவது இங்கே வந்து சேரும்.

எப்போது அப்படிக் கொட்டும்? ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகின்றன. அவை இழுத்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் முட்டி மேலெழுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மழையாகிறது. வேகமாகக் கடந்து போகும் புயலை விட, ஊர்ந்து செல்லும் புயலே பொல்லாதது. ஒரே சரிவில் மணிக்கணக்காக நின்று கொட்டும். அதற்கு முன்பே பல நாள் மழை பெய்து மண் ஊறியிருந்தால் குடிக்க அதற்கு இடமில்லை. பெய்வதில் பெரும் பகுதி நேரே ஆற்றுக்குப் போகும்.

2025 நவம்பர் 28இல் கரை தொட்ட 'டித்வா' புயலில் இவை அத்தனையும் ஒன்றுகூடின. மாத்தளை மாவட்டத்தில் 24 மணி நேர மழை ஓரிடத்தில் 500 மில்லிமீற்றரைத் தாண்டியது. நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மரணித்தனர். புத்தளம் - அநுராதபுரம் வீதியில், கலா ஓயாப் பாலத்தருகே ஒரு பஸ் வெள்ளத்தில் அகப்பட்டு, சுமார் எழுபது பயணிகள் நெடுநேரம் தவித்த பின்னரே மீட்கப்பட்டனர்.

"அதான் குளங்கள் இருக்குதே" என்பார்கள். கணக்கைப் பார்ப்போம். தெதுறு ஓயாவின் நீரேந்து பரப்பு ஏறத்தாழ 2,600 சதுர கிலோமீற்றர். அதன் மீது 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 26 கோடி கனமீற்றர் நீர். தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தின் கொள்ளளவோ 7.5 கோடிதான். ஏற்கெனவே நிரம்பிய குளம் எதையும் தாங்காது. வான்கதவைத் திறக்காவிட்டால் கட்டு உடையும். 1957 டிசம்பர் வெள்ளத்தில் கலாவெவயின் கட்டு உடைந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திறந்தால் கீழே உள்ளவர் நனைவர். கதவைத் திறந்த பொறியியலாளரைத் திட்டுவது எளிது. அவர் முன்னிருந்தது இரண்டு கெடுதிகள் மட்டுமே.

மலை இடுக்குகளில் இதே விதி இன்னும் கொடூரமாக வேலை செய்கிறது. 1997 ஓகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனாவில், அன்டிலோப் என்ற ஒடுங்கிய பாறைப் பள்ளத்தில் நின்ற 11 பேரை வெள்ளம் கொண்டுபோனது. மழை கொட்டியது அவர்களிருந்த இடத்தில் அல்ல, மேலே தொலைவில். மக்காவும் மொட்டை மலைகளுக்கு நடுவேயான வாதியில் அமைந்த ஊர்தான். 1630இல் வந்த வெள்ளத்தில் கஃபாவின் சுவர்கள் சரிந்து, உதுமானிய சுல்தான் நான்காம் முராத் காலத்தில் மீளக் கட்டப்பட்டன. பாறை நீரை உறிஞ்சாது. சில நிமிட மழை போதும்.

மழை பெய்து ஆறு மணி நேரத்துக்குள் வருவதையே துறைசார்ந்தோர் திடீர் வெள்ளம் என்பர். அந்தக் கணக்கில் நம் கரைக்கு வருவது திடீர் வெள்ளமல்ல. மலையிலிருந்து இறங்கி வர அதற்கு நேரம் எடுக்கிறது. மழையைக் காணாதவனுக்கு மட்டுமே அது திடீர். மற்றவருக்கு அந்த நேரம் அவகாசம்.

அந்த அவகாசம் வீணாவது பெரும்பாலும் சப்பாத்துப் பாலங்களில். எலுவன்குளத்துச் சப்பாத்து, 1990இல் விரட்டப்பட்டு இங்கு வந்த முசலி மக்களுக்கு ஊர் போய்வரும் பாதையாக இருந்தது. "முழங்கால் தண்ணிதானே" என்று இறங்குவோருக்கு ஒரு விசயம்: பாயும் நீர் அரை அடி இருந்தாலே ஆளை விழுத்தும். ஒரு அடி சிறிய காரை மிதக்க வைக்கும். இரண்டு அடி பெரும்பாலான வாகனங்களை இழுத்துப் போகும்.

ஆகவே மாரி காலத்தில் பார்க்க வேண்டியது மாத்தளை, குருநாகல் மழை அளவையும் ராஜாங்கனை, இங்கினிமிட்டிய, தப்போவ குளங்களின் அறிவித்தலையும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்தும் கேட்கலாம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் "வான்கதவு திறந்தாச்சு" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தக் குளம், எத்தனை மணிக்கு, வினாடிக்கு எத்தனை கனஅடி என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கனஅடி ஏறத்தாழ 28 லீற்றர். வினாடிக்குப் பத்தாயிரம் கனஅடி என்றால், பத்தாயிரம் லீற்றர் பவுசர்கள் இருபத்தெட்டை ஒவ்வொரு வினாடியும் ஆற்றில் கவிழ்ப்பதற்குச் சமம்.