பழைய ஏட்டை மூட என்ன செலவாகும்?

சென்ற மாதம் ஒரு மாலை, என் அறைத்தோழன் வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தான். பெயர், ஊர், பட்டம் எல்லாம் மளமளவென்று எழுதியவன், "எப்போதேனும் கைது செய்யப்பட்டதுண்டா?" என்ற கேள்விக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். இளங்கலை படித்த நாளில், பேருந்துக் கட்டண உயர்வை எதிர்த்து நடந்த மறியலில் அவனையும் பிடித்துக்கொண்டு போயினர். பிறகு வழக்கு கைவிடப்பட்டது.

"ஆம் என்றால் வேலை போகும், இல்லை என்றால் பொய்யாகும். நீயே சொல்லடா!" என்றான்.

"இத்தகைய பதிவுகளை அரசாங்கமே அழித்துவிடலாமே?" என்றேன். பக்கத்து அறைப் பொருளாதார மாணவர் சிரித்தார். "அழிக்கலாம் ஐயா, யார் பணத்தில்?" என்று கேட்டார்.

நானோ வேதியியல் மாணவன். சட்டம் எனக்கு அயல் நாடு. ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்தேன். அமெரிக்க மாநிலங்கள் பல இதே கேள்வியை வெளிப்படையாகவே கேட்டு, விடையும் கண்டிருக்கின்றன.

முதலில் மிச்சிகன் மாநிலத்தைப் பாருங்கள். குற்றத் தீர்ப்பு பெற்றவர் தம் பழைய பதிவை நீக்கிக்கொள்ள அங்கே நெடுநாளாகவே சட்டம் உண்டு. ஆனால் அவரே மனுப்போட வேண்டும். தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும், கைரேகை வேண்டும், கட்டணம் வேண்டும். அரசு வழக்கறிஞருக்குப் படி அனுப்பியபின் நீதிபதி முன் நிற்க வேண்டும். ஒவ்வொரு மனுவும் எழுத்தரின் நேரத்தையும் போலீசாரின் நேரத்தையும் நீதிபதியின் நேரத்தையும் தின்னும். தகுதியுடையோர் இருமடங்கானால் செலவும் இருமடங்காகும் என்று கருவூலத்தார் அஞ்சுவதில் வியப்பென்ன?

அந்த அச்சம் எவ்வளவு பொருந்தும் என்பதை பிரெஸ்காட், ஸ்டார் என்னும் இரு சட்டப் பேராசிரியர்கள் 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டுகிறது. தகுதி வந்து ஐந்தாண்டுக்குள் பதிவை நீக்கிக்கொண்டவர்கள் நூற்றுக்கு 6.5 பேரே! எஞ்சியவர்களை மனுவும் கட்டணமும் வாயிலிலேயே நிறுத்திவிட்டன. கருவூலத்துக்குச் செலவு மிச்சம், சட்டந்தான் வீண். நீக்கிக்கொண்ட சிலருக்கோ, ஓராண்டுக்குள் ஊதியம், முன்னைப் போக்கில் எதிர்பார்க்கத்தக்கதைவிட நூற்றுக்கு 22-க்கு மேல் கூடியிருந்தது. அவர்கள் மீண்டும் குற்றம் புரிவதும் மிக அரிது. கூடிய ஊதியத்தில் வரியும் உண்டல்லவா? கருவூலத்தார் அதையும் கணக்கில் எழுத வேண்டாமா?

பென்சில்வேனியா மாநிலம் வேறு வழி கண்டது. 2018-இல் சட்டம் இயற்றி, 2019 ஜூனில் செயலுக்குக் கொண்டுவந்தது. யாரும் மனுப்போட வேண்டியதில்லை. நீதிமன்ற நிருவாகத்தின் கணிப்பொறி தகுதியுள்ள வழக்குகளைப் பொறுக்கி மாதந்தோறும் மாநிலப் போலீசுக்கு அனுப்பும். போலீசார் சரிபார்த்ததும் பதிவு பொதுமக்கள் பார்வையிலிருந்து மறையும். சில சிறு குற்றங்களின் தீர்ப்புகள் மட்டுமல்ல, தண்டனையில் முடியாத கைதுகளும் இதில் அடங்கும். முதல் ஆண்டிலேயே பத்து லட்சம் பேருக்குமேல் பயனடைந்தனர். போலீசாரும் நீதிமன்றமும் அவற்றை இன்னும் பார்க்கலாம். ஏட்டைக் கொளுத்தவில்லை, மூடி வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

இங்கேதான் கணக்கு மாறுகிறது. மனு முறையில் செலவு ஆள் எண்ணிக்கையோடு பெருகும். இயந்திர முறையில் பெருஞ்செலவு தொடக்கத்தில், நிரல் எழுதுவதில். அதன்பின் தகுதியை விரித்தாலும் ஆளுக்கு ஆள் கூடும் செலவு சொற்பம். ஆனால் ஒன்று: பென்சில்வேனியாவில் மாநில முழுமைக்கும் பொதுவான நீதிமன்றக் கணிப்பொறி ஏற்பாடு முன்னமே இருந்தது. மாவட்டத்துக்கு ஒரு விதமாகக் காகிதம் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் அந்தத் தொடக்கச் செலவே மலைபோல் நிற்கும். மிச்சிகனும் 2020-இல் சட்டத்தைத் திருத்திற்று. தானே நீங்கும் முறை நடைமுறைக்கு வர 2023 ஏப்ரல் ஆயிற்று.

பணத்தில் அளக்க முடியாத செலவும் ஒன்று உண்டு. பதிவு மறைந்தால் முதலாளி எதைக் கொண்டு ஆளை மதிப்பிடுவார்? விண்ணப்பத்தில் குற்றப் பதிவு பற்றிக் கேட்கக்கூடாது என்று நியூ ஜெர்சியிலும் நியூயார்க் நகரிலும் விதி வந்தபோது, இரு ஆராய்ச்சியாளர்கள் கற்பனைப் பெயர்களில் ஏறத்தாழ 15,000 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தனர். விதிக்கு முன் வெள்ளையர் பெயருக்குக் கறுப்பர் பெயரைவிட நூற்றுக்கு 7 அழைப்பு கூடுதலாக வந்தது. விதிக்குப் பின் 43! ஏடு தெரியாதபோது நிறத்தைப் பார்த்து ஊகித்தார்கள் போலும். இது பதிவை மூடும் சட்டமன்று, கேள்வியை மட்டும் தடுக்கும் விதி. எனினும் இதை மறைத்துவிட்டு வாதாடுதல் நேர்மையாகாது.

நம் நாட்டில்? 2022-ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறை அடையாளச் சட்டப்படி, போலீசார் எடுக்கும் கைரேகை முதலியன 75 ஆண்டு காக்கப்படும். முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடப்பட்டாலோ, முடிவாக விடுதலை பெற்றாலோ, நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னாலன்றி அவை அழிக்கப்பட வேண்டும். விண்ணப்பத்தாளில் உள்ள கேள்வியையோ இந்தச் சட்டம் தொடவில்லை. இளமையில் முழக்கமிட்டது போன்ற அற்ப வழக்கை ஒருவர் மறைத்திருந்தால், வேலை கொடுப்பவர் விரும்பினால் பொறுத்துக்கொள்ளலாம் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. விரும்பினால்!

என் தோழன் "ஆம்" என்றே எழுதினான். அருகில் இடமில்லாததால் தனித்தாளில் நான்கு வரி விளக்கம் எழுதி இணைத்தான். விடை இன்னும் வரவில்லை.