பயனர் பாய்வுப் படம்

பயனர் பாய்வுப் படம் என்பது மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துபவர் தமது பணியைத் தொடங்கி முடிக்கும் வரை எந்தெந்தத் திரைகளையும் தெரிவுகளையும் கடந்து செல்கிறார் என்பதைக் காட்டும் வரைபடம் ஆகும். மென்பொருள் வடிவமைப்பில், நிரல் எழுதப்படுவதற்கு முன்னரே இது பெரும்பாலும் வரையப்படுகிறது. நிரலின் பாய்வுப் படம் கணினி செய்யும் செயல்களின் வரிசையைக் காட்டும். பயனர் பாய்வுப் படம் மனிதர் செய்யும் செயல்களின் வரிசையைக் காட்டும். இவ்விரண்டும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. அவை வேறுபடும் இடங்களிலேயே பல பிழைகள் நேர்கின்றன.

வரலாறு

வேலையின் படிகளைப் படமாக வரையும் முறை கணினிக்கு முற்பட்டது. பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் இணையர் 1921 இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தில் செய்முறைப் படங்களை அறிமுகப்படுத்தினர். 1967 இல் இங்கிலாந்தில் ஜான் அன்னெட், கீத் டங்கன் ஆகியோர் ஒரு பணியை நோக்கங்களாகவும் துணை நோக்கங்களாகவும் பகுக்கும் படிநிலைப் பணிப் பகுப்பாய்வை விளக்கினர். சுவீடனைச் சேர்ந்த ஐவர் யாக்கோப்சன் பயனருக்கும் மென்பொருளுக்கும் இடையிலான ஊடாட்டத்தைப் படிப்படியாக எழுதும் "பயன்பாட்டு நேர்வு" முறையை உருவாக்கி, 1992 இல் வெளியான நூலில் விரித்துரைத்தார்.

கூறுகள்

* நீள்வட்டம் - தொடக்கம் அல்லது முடிவு
* செவ்வகம் - திரை அல்லது பயனரின் செயல்
* சாய்சதுரம் - வழி பிரியும் இடம் (எ.கா: கடவுச்சொல் சரியா, தவறா?)
* அம்புக்குறி - அடுத்த படிக்குச் செல்லும் வழி

வரையும் முறை

# பயனரின் நோக்கத்தை ஒரே தொடரில் எழுதுதல்.
# அவர் எங்கிருந்து தொடங்குகிறார் என்பதைக் குறித்தல்.
# தடையின்றி முடியும் வழியை வரைதல்.
# பிழை, திருத்தம், பின்செல்லல், இடையில் கைவிடுதல் ஆகிய வழிகளைச் சேர்த்தல்.
# பயனர்கள் உண்மையில் பணி செய்வதைக் கண்டு படத்தைத் திருத்துதல்.

எடுத்துக்காட்டு: பண இயந்திரம்

தானியங்கிப் பண இயந்திரம் (ஏ.டி.எம்.) பணத்தை முதலில் வழங்கி, அட்டையைப் பின்னர் திருப்பித் தருவதாகக் கொள்வோம். நிரலின் நோக்கில் இதில் குறை எதுவும் இல்லை. எல்லாப் படிகளும் நிறைவேறுகின்றன. ஆனால் பயனரின் நோக்கம் பணம் பெறுவது. பணம் கைக்கு வந்தவுடன் அவரளவில் பணி முடிந்துவிடுகிறது. எனவே அட்டையை மறந்து செல்ல வாய்ப்புண்டு. நோக்கம் நிறைவேறிய பின் எஞ்சும் படியை மறக்கும் இவ்வகைப் பிழையை மைக்கேல் பர்ன், சூசன் போவேர் ஆகியோர் 1997 இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தனர். அட்டையை எடுத்த பின்னரே பணம் வெளிவருமாறு வரிசையை மாற்றினால் இச்சிக்கல் பெரிதும் குறைகிறது. பல இயந்திரங்கள் இவ்வாறே அமைக்கப்பட்டுள்ளன.

திருத்தும் வழியின் முக்கியத்துவம்

தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியால் 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளர் மிகையான கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். 1986 இல் டெக்சாசு மாநிலத்தின் டைலர் நகரில் நேர்ந்த இரண்டு விபத்துகளில், கருவியை இயக்கியவர் சிகிச்சை வகையைத் தவறாக உள்ளிட்டு, உடனே மேலே சென்று திருத்தினார். கருவி தன் காந்தங்களை அமைக்க ஏறத்தாழ 8 நொடிகள் எடுத்துக்கொண்டது. அதற்குள் செய்யப்பட்ட திருத்தம் திரையில் தோன்றியது. ஆனால் மென்பொருளின் ஒரு பகுதி அதை அறியவில்லை. அந்நோயாளர் இருவரும் பின்னர் உயிரிழந்தனர். மருத்துவமனையின் இயற்பியலாளரும் கருவி இயக்குநரும் தரவுகளை மிக விரைவாக உள்ளிட்டுப் பார்த்தபோதே இப்பிழை மீண்டும் வெளிப்பட்டது.

முந்தைய வகைக் கருவிகளில் இருந்த வன்பொருள் பாதுகாப்புத் தடைகள் இதில் நீக்கப்பட்டிருந்தது உள்ளிட்ட வேறு காரணங்களும் இவ்விபத்துகளுக்கு உண்டு. எனினும், பின்சென்று திருத்தும் வழியும் பணியின் ஒரு பகுதியே என்பதையும், அதைப் பழகிய பயனரின் வேகத்திலேயே சோதிக்க வேண்டும் என்பதையும் இந்நிகழ்வு உணர்த்துகிறது.

வரம்புகள்

பயனர் பாய்வுப் படம் வடிவமைப்பாளரின் ஊகமாகவே தொடங்குகிறது. படியின் கால அளவையோ பயனரின் தயக்கத்தையோ அது தானாகக் காட்டாது. விசைப்பலகையை மட்டும் பயன்படுத்துவோர், திரைபடிப்பான் வழியே கேட்டறிவோர் முதலியோரின் வழிகளைத் தனியே வரைய வேண்டியிருக்கும்.

இவற்றையும் பார்க்க

* பாய்வுப் படம்
* பயனர் இடைமுகம்
* மனிதர்-கணினி ஊடாட்டம்