கியர் பாக்ஸ் தாங்குமா? மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்விகள்

பத்து லட்சம் ரூபாய் காரோ, ஒரு கோடி ரூபாய் காரோ, மேனுவல் கியரோடு வேகமான வண்டி வாங்க நினைப்பவர் ஷோரூமில் தவறாமல் கேட்பது: "கியர் பாக்ஸ் தாங்குமா?" விற்பனையாளரின் பதிலும் மாறுவதில்லை: "பிரச்சினையே வராது சார்." அந்தப் பதில் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் பணம் கொடுப்பவருக்கு அது போதாது. கியர் பாக்ஸ் நின்று உழைத்தாலும் அதைச் சுற்றியுள்ள பாகங்கள் தேயும். அந்தப் பாகங்களைத் தரவேண்டிய நிறுவனமே ஒருநாள் கடையைக் கட்டிவிடவும் கூடும்.

இதைச் சொல்லத் திருவள்ளூர் மாவட்டத்துக்குத் தகுதி உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் ஜி.என்.டி. சாலையில் செங்குன்றம் தாண்டி வரும் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில்தான் ஒரு காலத்தில் கார் பந்தயங்கள் நடந்தன. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு தடம் அமைக்கும்வரை அங்கேதான் பந்தயம் நடத்தியது. மாவட்டத்தின் இன்னொரு பக்கம், திருவள்ளூர் அருகே இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் தயாரானது. 2006-ல் லான்சர் செடியா வந்தது: 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர் மேனுவல். செடியா இந்திய ராலிகளில் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. எம்.ஆர்.எஃப். அணிக்காக கௌரவ் கில் ஓட்டியதும் செடியாதான்.

உள்ளே நடப்பது என்ன?

இன்றைய மேனுவல் கியர் பாக்ஸில், முன்னோக்கிச் செல்லும் கியர்களின் பற்சக்கரங்கள் எல்லாமே எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே சுழல்கின்றன. லீவரைத் தள்ளும்போது எந்தச் சக்கரமும் இடம் மாறுவதில்லை. ஒரு ஸ்லீவ் நகர்ந்து, நாம் கேட்ட கியரின் சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிறது, அவ்வளவுதான். பூட்டுவதற்கு முன் இரண்டின் வேகமும் ஒன்றாக வேண்டும். ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவர் கூடவே ஓடி அதன் வேகத்துக்கு வந்து ஏறுவதைப்போல. இந்த வேலையைச் செய்வது சிங்க்ரோ எனப்படும் வளையம், பெரும்பாலும் பித்தளை.

ஆகவே பெட்டிக்குள் முதலில் தேய்வது பற்சக்கரம் அல்ல, சிங்க்ரோ வளையம்தான். தேய்ந்தால் கியர் மாற்றும்போது நறநறவென்று சத்தம் வரும். பெரும்பாலும் இரண்டாவது கியரில்தான் முதலில் கேட்கும். முதல், இரண்டாம் கியர்களுக்கு இடையே வேக வித்தியாசம் அதிகம், ஊருக்குள் நம் கை அதிகம் போவதும் அங்கேதான். பற்சக்கரமே உடைவது அபூர்வம். பெட்டி தாங்கக்கூடிய விசையை மீறி எஞ்சின் தள்ளினால்தான் பொதுவாக அந்த நிலை வரும்.

எவ்வளவு தாங்கும் என்பதை யார் சொல்வது?

நிறுவனமே சொல்கிறது, கவனித்துப் படித்தால். ஒவ்வொரு பெட்டிக்கும் தாங்கும் டார்க் (சுழற்று விசை) அளவு உண்டு, நியூட்டன் மீட்டரில் கணக்கிடுவார்கள். 2024-ல் புதுப்பிக்கப்பட்ட பி.எம்.டபிள்யூ. எம்2-வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே எஞ்சின்தான், ஆனால் ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு 600 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் மேனுவலுக்கு 550. ஒரே காரில் மேனுவலுக்கு மட்டும் விசை குறைத்துக் கொடுக்கப்பட்டால், பெட்டியின் எல்லை அருகில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அது குறையல்ல, எல்லை தெரிந்து செய்த வேலை.

சிக்கல் அதன் பிறகுதான் வரும். காரை வாங்கி ஆறு மாதத்தில் எஞ்சின் மென்பொருளைத் திருத்தி டார்க்கை ஏற்றிக்கொள்ளும் பழக்கம் சென்னையைச் சுற்றிலும் பரவியிருக்கிறது. எஞ்சின் அந்தச் சுமையைத் தாங்கலாம். கிளட்சும் கியர் பாக்ஸும் பழைய அளவுக்குச் செய்தவையே. திருத்தம் தெரியவந்தால், அதனால் வந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று நிறுவனம் கைவிரித்துவிடும்.

எடை குறைப்பதும் ஆபத்தில்லாத வேலையல்ல. மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரின் நான்காம் தலைமுறைக்கென்று எடை குறைந்த புதிய ஆறு கியர் பெட்டியை நிறுவனம் வடிவமைத்தது. ஆரம்பகால வண்டிகள் சிலவற்றில் அது பழுதானதாகப் புகார்கள் வந்தன, மாஸ்டா உள்பாகங்களைத் திருத்திக்கொண்டே வந்தது. பெயர்பெற்ற நிறுவனமானாலும், புது வடிவப் பெட்டியோடு வரும் முதல் ஆண்டு வண்டியை வாங்குவதற்குக் கொஞ்சம் பொறுப்பது நல்லது.

பழி பெட்டிக்கு, பழுது கிளட்சுக்கு

'கியர் பாக்ஸ் போச்சு' என்று ஷெட்டுக்கு வரும் வண்டிகளில் பலவற்றுக்குக் கோளாறு கிளட்சில்தான். கிளட்ச் முழுதாக விடுபடாவிட்டால் கியர் விழாது. பிளேட் தேய்ந்துவிட்டால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது.

நிஸான் 370இசட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2010 முதல் இந்தியாவிலும் இறக்குமதியாகி விற்ற கார் இது, மேனுவலும் உண்டு. இதன் கிளட்சை விடுவிக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர், கியர் பாக்ஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவே, வெப்பம் மிகுந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த அமைப்பால் வெப்பம் சரியாக வெளியேறுவதில்லை, அதனால் மிதித்த கிளட்ச் பெடல் தரையோடு ஒட்டிக்கொள்கிறது என்று 2012-ம் ஆண்டு மாடலை வாங்கிய அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அதைக் கூட்டு வழக்காக நடத்த முடியாது என்ற கீழ் நீதிமன்ற உத்தரவை 2019-ல் அங்குள்ள ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கில் சொல்லப்பட்டது பற்சக்கரத்தின் குறையல்ல. ஆனால் அந்தச் சின்ன சிலிண்டரை மாற்றவும் கியர் பாக்ஸையே இறக்கியாக வேண்டும். செலவில் பெரும்பகுதி கூலிக்கே போய்விடும்.

நம் ஊர் சாலைகளில் கிளட்சுக்கு எதிரி வேகம் அல்ல, நெரிசல். கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் விடும் நேரத்தில், இரும்பு ஏற்றிய டிரெய்லர்களுக்குப் பின்னால் ஒரு கார் நகர்வதைப் பாருங்கள். முதல் கியர், அரைக் கிளட்ச், பத்தடி, பிரேக். மறுபடி அரைக் கிளட்ச். அந்த நிலையில் பிளேட்டும் ஃப்ளைவீலும் வெவ்வேறு வேகத்தில் உரசி, எஞ்சினின் சக்தியில் ஒரு பகுதியை வெப்பமாக மாற்றிக்கொண்டே இருக்கின்றன. ஸ்போர்ட்ஸ் காருக்கு முதல் கியர் பெரும்பாலும் நீளமாக அமைந்திருக்கும், கிளட்ச் இறுக்கமாகப் பிடிக்கும். அதனால் சாதாரண ஹேட்ச்பேக்கைவிட உரசல் இங்கே அதிகம். மேம்பால ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் கிளட்சாலேயே வண்டியை நிறுத்தி வைப்பது இதில் மிக மோசம்.

டெஸ்ட் டிரைவில் பார்க்க வேண்டியவை

காலையில் முதல் ஆளாகப் போங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் சிங்க்ரோவின் குணம் தெரியும். வண்டியைக் கிளப்பியதும் முதலிலிருந்து இரண்டுக்கு மெதுவாக மாற்றுங்கள். கொஞ்சம் இறுக்கம் இருந்து, எண்ணெய் சூடானதும் இளகினால் கவலை வேண்டாம். சூடான பிறகும் இரண்டாவது கியர் நறநறத்தால் அது வேறு கதை. கிளட்சை முழுதாக மிதித்து இரண்டு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள்.

பிறகு காலியான சாலையில், நான்காவது கியரில் மணிக்கு 40 கி.மீ. வேகத்திலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். எஞ்சின் சுற்று மட்டும் எகிறி, வேகம் பின்தங்கி வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. மூன்றாவது கியரில் ஓடும்போது சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பாருங்கள், லீவர் தானாக நியூட்ரலுக்குக் கழன்று வரக்கூடாது.

இதையெல்லாம் புது வண்டியில் செய்து என்ன பயன் என்று கேட்கலாம். ஓட்டிப் பார்க்கத் தருவது புது வண்டியல்ல, டெமோ வண்டி. விதவிதமான கால்கள் மிதித்து, விதவிதமான கைகள் இழுத்து அடிபட்ட வண்டி. அந்த மாடலின் கிளட்ச் எவ்வளவு பாடு தாங்கும் என்பதற்கு ஷோரூமிலேயே நிற்கும் சாட்சி அதுதான். ஓடோமீட்டரைப் பாருங்கள், கிளட்ச் மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

எண்ணெயும் கையும்

'ஆயுளுக்கும் போதுமான எண்ணெய்' என்று சில நிறுவனங்கள் சொல்லும். அடித்து ஓட்டும் வண்டிக்கு, கையேடு அனுமதிக்கும் எண்ணெயை இடையில் ஒருமுறை மாற்றுவது செலவு குறைந்த காப்பீடு. தரக் குறியீட்டில் கவனம் தேவை. ஜி.எல்-4 கேட்கும் பெட்டியில் ஜி.எல்-5 ஊற்றினால், அதிலுள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் பித்தளை சிங்க்ரோவை அரிக்கக்கூடும், வளையத்தின் பிடிமானமும் குறையும். விலை அதிகம் என்பதால் அது மேலான எண்ணெய் ஆகிவிடாது.

லீவர் மீது கையை வைத்தபடியே ஓட்டுவதும் கெடுதல். அந்த எடை, உள்ளே ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க்கை அந்த ஸ்லீவோடு உரச வைக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய விபத்து, வேகத்தில் ஐந்திலிருந்து நான்குக்கு வரவேண்டியவர் இரண்டில் போட்டுவிடுவது. ஆக்ஸிலரேட்டரால் எஞ்சின் எல்லை மீறாமல் தடுக்கும் மின்னணுக் காவல் இங்கே உதவாது, ஏனென்றால் எஞ்சினைச் சுழற்றுவது சக்கரங்கள். வால்வு வளைந்து எஞ்சினே போய்விடலாம். இத்தகைய மீறல்களைப் பல கார்களின் கணினி பதிவுசெய்து வைத்துக்கொள்ளும், வாரண்டி கேட்டுப் போகும்போது அந்தப் பதிவே எதிராக நிற்கும்.

வாரண்டியும் வாரிசும்

கியர் பாக்ஸ் பொதுவாக வாரண்டிக்குள் வரும். கிளட்ச் பிளேட்டோ தேயும் பாகம் என்று விலக்கப்பட்டிருக்கும், அல்லது குறுகிய கால அளவுக்கு மட்டும் ஏற்கப்படும். ரிலீஸ் பேரிங், ஹைட்ராலிக் சிலிண்டர், ட்யூயல் மாஸ் ஃப்ளைவீல் மூன்றும் எந்தப் பட்டியலில் இருக்கின்றன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிளட்ச் செட்டின் விலையும் கூலியும் சேர்ந்து எவ்வளவு, பாகம் வர எத்தனை நாள் என்பதையும் வண்டி பதிவுசெய்யும் முன்பே கேட்டுவிடுங்கள்.

திருவள்ளூர் ஆலையின் கதை கற்றுத்தருவது இங்கேதான். 2014-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அந்த ஆலையை ஹிந்துஸ்தான் மோட்டார் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷனுக்கு மாற்றிக்கொடுத்தது. அதே ஆலையில் சில காலம் இசுசு வண்டிகள் ஒப்பந்த முறையில் தயாராயின. 2016-ல் இசுசு, கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்தது. மிட்சுபிஷியின் புதிய கார்கள் இந்தியச் சந்தையிலிருந்தே மறைந்தன. நன்றாக ஓடும் செடியா வைத்திருப்பவருக்கும் அதன்பின் கிளட்ச் செட் என்பது தேடி அலைந்து வாங்கும் பொருளாகிவிட்டது. நம்பகத்தன்மை என்பதில் பாதி இரும்பில் இருக்கிறது, மீதி கிடங்கில் இருக்கிறது.

இந்தக் கணக்கில் உள்ளூர்த் தயாரிப்புக்குச் சாதகம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைனுக்கு 2023 செப்டம்பரில், கிளட்ச் பெடல் இல்லாத ஐ.எம்.டி. பெட்டிக்குப் பதிலாக ஆறு கியர் மேனுவல் வந்தது. அதை முழு ஸ்போர்ட்ஸ் கார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரே நிறுவனத்தின் பல மாடல்களுக்கும் பாகம் தரும் கிடங்கு பக்கத்திலேயே இருக்கிறது. முழுதாக இறக்குமதியாகும் காரில், ஒரு பேரிங்குக்காக வண்டி வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கலாம்.

தகராறு வந்தால்

திரும்பத் திரும்பச் சரிசெய்தும் தீராத பழுது என்றால், 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். விற்றவர் எங்கிருந்தாலும், வாங்கியவர் தாம் குடியிருக்கும் அல்லது வேலைபார்க்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் திருவள்ளூர் மாவட்ட ஆணையம் போதும், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் போக வேண்டும். தயாரிப்புக் குறை என்று சொன்னால் மட்டும் போதாது, நிபுணர் அறிக்கை கேட்பார்கள். ஆகவே ஒவ்வொரு முறை சர்வீஸுக்கு விடும்போதும் 'இரண்டாவது கியர் விழவில்லை' என்பதுபோல் குறையை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன புகார் வழக்கில் நிற்காது.

மேனுவல் கியரோடு நல்ல கார் வாங்க இன்றும் தயங்க வேண்டியதில்லை. கையேட்டை ஒட்டி ஓட்டினால் பெட்டி பெரும்பாலும் சொன்ன சொல் காப்பாற்றும். கிளட்ச் எவ்வளவு நாள் வரும் என்பது உங்கள் இடது காலைப் பொறுத்தது. பத்து ஆண்டு கழித்து அதற்குப் பாகம் யார் தருவார் என்ற கேள்விக்கு மட்டும் டெஸ்ட் டிரைவில் பதில் கிடைக்காது. முன்பணம் கட்டுவதற்கு முன் அதைத்தான் விசாரிக்க வேண்டும்.