மலை ஏறும்போது கொதிக்கும் கார் என்ஜின்: காரணத்தைக் கண்டறிவது எப்படி?

புதுதில்லி: சமவெளியின் வெயிலிலிருந்து தப்பி சிம்லா, மணாலி, முசூரி நோக்கிச் செல்லும் கார்களில் சில, ஏற்றத்தின் பாதியிலேயே பானெட்டைத் திறந்து வைத்துச் சாலையோரம் நிற்பது ஒவ்வொரு கோடையிலும் காணக்கூடிய காட்சி. நகரத்தில் எந்தத் தொல்லையும் தராத கார், மலையில் மட்டும் ஏன் கொதிக்கிறது என்ற குழப்பம் உரிமையாளர்களுக்கு ஏற்படுகிறது. பெரும்பாலும் மலை அந்தப் பழுதை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே மறைந்திருந்த பழுதை வெளியே கொண்டுவருகிறது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரத்தில் உள்ள கால்காவிலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள சிம்லாவுக்குச் செல்லும் கார், பயணிகளையும் சுமைகளையும் ஏற்றிக்கொண்டு 1,500 மீட்டருக்கும் மேல் ஏறியாக வேண்டும். எரிபொருள் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, கூலன்ட் எனப்படும் குளிர்விப்புத் திரவமே ரேடியேட்டர் வழியாக வெளியேற்றுகிறது. சமவெளியில் வேகமாகச் செல்லும்போது ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று தாராளமாகக் கிடைக்கும். மலைப்பாதை நெரிசலிலோ வண்டி முதல் கியரில் ஊர்கிறது. வெப்பம் அதிகம், காற்று குறைவு.

இதனுடன் உயரமும் சேர்ந்துகொள்கிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், சிம்லாவில் சுமார் 93 டிகிரியிலும், 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதங் கணவாயில் சுமார் 87 டிகிரியிலும் கொதித்துவிடும். ஆனால் என்ஜின் இயல்பாக இயங்குவதே ஏறத்தாழ 90 முதல் 105 டிகிரி வெப்பத்தில்தான். அப்படியிருந்தும் பழுதில்லாத கார்கள் சிக்கலின்றி மேலே செல்கின்றன என்றால், அதற்குக் காரணம் இரண்டு. கூலன்ட்டில் கலந்துள்ள கிளைக்கால் கொதிநிலையைச் சற்று உயர்த்துகிறது. அதைவிட முக்கியமானது ரேடியேட்டர் மூடி. அது வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 1 பார் அளவுக்குக் கூடுதல் அழுத்தத்தை உள்ளே தக்கவைத்து, கொதிநிலையை இன்னும் மேலே தள்ளுகிறது. இந்த மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வளையம் தேய்ந்தாலோ மற்ற பாகங்கள் நன்றாக இருந்தும் கூலன்ட் கொதித்து வழியும். குளிர்விப்பு அமைப்பில் மிக மலிவான பாகங்களுள் ஒன்று, அதிகம் கவனிக்கப்படாததும் இதுவே.

எப்போது சூடாகிறது?

மெக்கானிக் முதலில் கேட்க வேண்டியதும் உரிமையாளர் கவனித்துச் சொல்ல வேண்டியதும் இந்த ஒரு கேள்விக்கான பதிலைத்தான். நெரிசலில் நிற்கும்போது சூடாகி, வண்டி வேகமெடுத்ததும் வெப்பம் தணிந்தால், சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மீது விழ வேண்டும். ஏசியைப் போட்டால் பெரும்பாலான கார்களில் ஃபேன் சுழலத் தொடங்கும். சுழலவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் என்ற வரிசையில் சோதிக்கலாம். ஏசி போட்டால் சுழன்று, என்ஜின் சூடாகும்போது மட்டும் சுழலாவிட்டால் வெப்ப சென்சாரையும் அதன் இணைப்பையும் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, நெரிசலில் சரியாக இருந்து, நெடுஞ்சாலை வேகத்திலோ நீண்ட ஏற்றத்திலோ சூடானால் ஃபேனைக் குறைசொல்வதில் பயனில்லை. அங்கே தேவைப்படும் அளவுக்குக் கூலன்ட் ஓடவில்லை, அல்லது ரேடியேட்டர் போதிய வெப்பத்தை வெளியேற்றவில்லை. உள்ளே உப்புப் படிவால் அடைபட்ட ரேடியேட்டர், இறக்கை அரித்துப்போன வாட்டர் பம்ப், உறிஞ்சும் விசையில் உள்வாங்கிச் சப்பையாகும் கீழ் ஹோஸ் ஆகியவை இதற்கான காரணங்கள். வட மாநிலங்களின் புழுதிக் காற்றில் ஓடிய கார்களில் ஏசி கண்டன்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே மண்ணும் பூச்சிகளும் மெத்தைபோல் அடைந்திருப்பதும் உண்டு. முன்னால் நின்று பார்த்தால் இது தெரியாது.

புறப்பட்ட சில நிமிடங்களிலேயே வெப்பம் எகிறினால் கூலன்ட் குறைந்திருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம். என்ஜின் சூடான பிறகும் ரேடியேட்டரின் ஒரு பக்க ஹோஸ் கொதிக்க, மற்றது குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் மீதான சந்தேகம் வலுக்கும். அதைக் கழற்றி வீசிவிட்டால் சரியாகிவிடும் என்பது சாலையோரப் பட்டறைகளில் கேட்கக் கிடைக்கும் யோசனை. அப்படிச் செய்தால் என்ஜின் உரிய வெப்பத்தை எட்டத் தாமதமாகும், எரிபொருள் வீணாகும். மூலக்காரணம் வேறாக இருந்தால் அதுவும் அப்படியே இருக்கும்.

வெப்பமானியின் முள் உச்சத்தில் இருக்க, ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வந்தால் கூலன்ட் வெகுவாகக் குறைந்துவிட்டது, அல்லது குழாய்களில் காற்று அடைபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். கூலன்ட் முழுவதும் ஒழுகிவிட்டால் சென்சார் திரவத்தைத் தொடாது. அப்போது என்ஜின் எரிந்துகொண்டிருந்தாலும் முள் கீழே காட்டக்கூடும். பல சிறிய கார்களில் இப்போது முள்ளே கிடையாது. குளிர்ந்த நிலையில் நீல விளக்கு, அதிக வெப்பத்தில் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சிவப்பு விளக்கு எரியும்போது எச்சரிக்கைக்கான நேரம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்றே கருத வேண்டும்.

தண்ணீர் ஊற்றலாமா?

வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் கூலன்ட் தொடர்ந்து குறைவது கவலைக்குரிய அறிகுறி. சைலன்ஸரில் இனிப்பு வாடையுடன் நில்லாத வெண்புகை, என்ஜின் ஆயிலில் பால் கலந்தாற்போன்ற நிறம், கூலன்ட் தொட்டியில் ஓயாத குமிழிகள் ஆகியவை ஹெட் கேஸ்கெட் பழுதைச் சுட்டுகின்றன. இதை ஊகிக்க வேண்டியதில்லை. கூலன்ட் தொட்டியின் வாயில் நீல நிற வேதித் திரவம் கொண்ட குழாயைப் பொருத்திச் சோதித்தால், எரிவாயுக் கழிவு கலந்திருக்கும்போது திரவம் மஞ்சளாக மாறும். என்ஜினைப் பிரிக்குமுன் இச்சோதனையைக் கேட்டுப் பெறுவது உரிமையாளரின் பணத்தைக் காக்கும். வழக்கமான மோட்டார் காப்பீடு இயந்திரப் பழுதுக்கு இழப்பீடு தருவதில்லை.

வழியில் வெப்பம் ஏறத் தொடங்கி, ஆவி எதுவும் வராத நிலையில் ஏசியை அணைத்து ஹீட்டரை முழு வேகத்தில் வைக்கலாம். ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். ஓரமாக நிறுத்தி, ஃபேன் சுழல்கிறதா என்று பார்த்து, சுழன்றால் என்ஜினைச் சிறிது நேரம் ஓடவிடலாம். ஆவி வந்தாலோ ஃபேன் சுழலாவிட்டாலோ உடனே அணைத்துவிட வேண்டும்.

சூடான ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. அழுத்தம் நீங்கியதும் உள்ளிருக்கும் திரவம் ஒரே கணத்தில் கொதித்து முகத்திலும் கைகளிலும் பீறிடும். அரை மணி நேரமேனும் காத்திருந்து, மேல் ஹோஸ் கைக்குச் சூடின்றி மெதுவாக அமுங்கிய பிறகே மூடியைத் தொட வேண்டும். கொதிக்கும் என்ஜின் மீது ஓடைத் தண்ணீரை ஊற்றுவதும் ஆபத்தானது. அலுமினிய சிலிண்டர் ஹெட் கோணலாகவோ விரிசல் விடவோ கூடும்.

ஆறிய பிறகு அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம், ஆனால் ஊர் திரும்பியதும் அதை வெளியேற்றிச் சரியான கூலன்ட்டை நிரப்ப வேண்டும். கடின நீர் ரேடியேட்டருக்குள் படிவை உண்டாக்கும். லாஹௌல், லடாக் போன்ற பகுதிகளில் ஆபத்து இன்னும் பெரிது. உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைவதால், கோடையில் ஊற்றிய வெறும் தண்ணீர் பனிக்கால இரவொன்றில் என்ஜின் பிளாக்கையே பிளந்துவிடக் கூடும். பாதிப் பங்கு கிளைக்கால் கலந்த கூலன்ட் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. தேசிய நெடுஞ்சாலைகளில் வண்டி நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணில் உதவி கோரலாம்.