தூண்டிலில் சிக்கிய ஜிலேபி ஆணா, பெண்ணா? வயிற்றைத் திருப்பிப் பாருங்கள்

செட்டியார்பட்டி, ராஜபாளையம் வட்டாரத்தில் மழைநீர் தேங்கும் பண்ணைக்குட்டையில் ஜிலேபி கெண்டை விட்டால் எண்ணிக்கை பெருகும், எடை கூடாது. 3 மாதத்திலேயே சினைக்கு வந்து, தேங்கிய நீரிலேயே குஞ்சு பொரிக்கும் மீன் இது. போடும் தீவனத்தைக் குஞ்சுகளே தின்றுவிடும். முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும் பெண் மீன் அந்த நாட்களில் இரை எடுப்பதில்லை. அதனால் வளர்ச்சியும் குறையும். ஆண் மீன்தான் வேகமாக எடை போடும். எனவே தூண்டிலில் வரும் பெண்ணைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டு, ஆணைக் குட்டையிலேயே விடுவது லாபம்.

அடையாளம் காண மீன் 50 கிராமாவது இருந்தால் நல்லது. கையை நனைத்துக்கொண்டு, தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவிப் பிடித்தால் முதுகு முள் மடங்கிவிடும். மீனை மல்லாத்தி, வயிற்றின் அடியில் வால் பக்கத் துடுப்புக்கு முன்னால் பாருங்கள். மலத்துவாரத்தை அடுத்து ஒரு சிறு சதைக் காம்பு இருக்கும். ஆணுக்கு அது கூர்மையாக, நுனியில் ஒரே துளையுடன் இருக்கும். ஆக மொத்தம் 2 துவாரம். பெண்ணுக்குக் காம்பு மழுங்கியிருக்கும். அதன் நடுவில் குறுக்காக ஒரு கீற்று தெரியும். அதுதான் முட்டை வரும் வழி. அதோடு 3 துவாரம். கீற்று தெரியவில்லையா? ஒரு சொட்டு நீல மையைத் தடவித் துடைத்தால் கோடு போல எடுத்துக்காட்டும்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கறுத்து, தொண்டை வெளுத்திருக்கும். மற்ற நாட்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

தூண்டில் முள்ளின் எதிர்க்கூரை இடுக்கியால் நசுக்கிவிட்டால் காயமில்லாமல் கழற்றலாம். ஆனால் தூண்டிலால் மட்டும் பெண் மீன்கள் ஒழியாது. வாயில் முட்டை வைத்திருக்கும் பெண் இரையைக் கடிக்காதே! குஞ்சுகள் ஏற்கெனவே நிறைந்துவிட்டால் வலை போட்டு அரித்தெடுப்பதுதான் வழி.

விரால் கதை வேறு. அதில் பெற்றோர் குஞ்சுகளுக்குக் காவல் நிற்கும். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே மிதந்தால் அந்த இடத்தில் தூண்டில் போடாதீர்கள். காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

கட்லா, ரோகு சினையோடு சிக்கினால் இனம் பெருகட்டும் என்று திரும்ப விடுபவர்கள் உண்டு. ஓடும் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடும் மீன்கள் இவை, குட்டையில் இடாது. 1957-ல் ஒடிசாவில் ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைத்த பிறகுதான் பண்ணைக் குஞ்சுகள் பரவலாகக் கிடைத்தன. எனவே அவற்றைத் தாராளமாகச் சமைக்கலாம்.